குழாய் இயல்: வீட்டில் செய்த காற்றுக்குழலும் அதனால் விளையும் முக்கால் குதிரையும்

இந்த ஆய்வின் எல்லை காரின் முன்பக்க கிரில்லில் தொடங்கி த்ராட்டில் வாயில் முடிகிறது. அதற்கப்பால் கிடக்கும் எஞ்சின், கியர்பாக்ஸ், வங்கிக் கடன் ஆகியவை பிற துறையினரின் ஆளுகைக்கு உட்பட்டவை என்பதால் ஆய்வாளர் அவற்றில் தலையிடவில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டியின் சாவி கைமாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். பிற்காலத்து எம்.பி.எஃப்.ஐ. வகை 5000 சுற்றில் 37 குதிரைத்திறன் தரும் என்பது தயாரித்தவர்கள் கூற்று. ஃபெராரியை எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் உண்டு. அதில் ஒரு குதிரை கூடினால் யாருக்கும் தெரியாது. முப்பத்தேழில் முக்கால் கூடினால் அது ஐம்பதில் ஒரு பங்கு. ஆய்வாளரிடம் ஃபெராரி இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் அது முறையியல் சார்ந்த காரணம் அன்று.

வண்டி பெட்ரோலில் ஓடுகிறது என்பது பொதுமக்கள் நம்பிக்கை. எடைக் கணக்கில் பார்த்தால் அது பெரும்பாலும் காற்றில்தான் ஓடுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவைக் குடிக்கிறது. ஆக, 5000 சுற்றில் 800-க்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 லிட்டர். மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தொட்டிகள் இரண்டை நிமிடத்துக்கு ஒருமுறை காலி செய்வதாக வைத்துக்கொள்ளலாம். சாதாரண எஞ்சின் எதுவும் முழு வயிற்றுக்குக் குடிப்பதில்லை. ஐந்தில் நான்கு பங்கு உள்ளே போனால் அதுவே நல்ல பசி. இந்தப் பசியைத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை வைத்து அடக்கிவிட்டார்கள், அதைக் கழற்றி எறிந்து அகலக் குழாய் ஒன்றை மாட்டினால் குதிரைகள் கட்டவிழ்த்துக்கொண்டு ஓடும் என்பதே குழாய்வாதிகளின் கருதுகோள்.

பரபக்கம்

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று வகுத்தார். முன்னதில் பிறர் கொள்கைகளை மறுத்துவிட்டுப் பின்னதில் தம் கொள்கையை நிறுவினார். முனைவர் பட்டத்துக்கு இதைவிடச் சிறந்த முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதால் இங்கும் அதுவே பின்பற்றப்படுகிறது. குழாய்வாதிகளுக்குள் மூன்று கட்சிகள் உண்டு.

முதலாவது மோதல்கட்சி. வண்டி முன்னே போகும்போது காற்று எதிரே வந்து மோதுகிறது. குழாயின் வாயை முன்புறம் திருப்பிவைத்தால் அந்த மோதலே காற்றை உள்ளே தள்ளிவிடும் என்பது இவர்கள் வாதம். வாதம் சரி, அளவுதான் சிக்கல். மணிக்கு 60 கிலோமீட்டரில் எதிர்க்காற்றின் தள்ளல் சுமார் 167 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ ஒரு லட்சத்துச் சொச்சம். முப்பத்தேழு குதிரைக்கு இது எவ்வளவு என்று கணக்கிட்டால் மாகாணி வருகிறது, அதாவது பதினாறில் ஒரு குதிரை. நகரத்து வேகமான நாற்பதுக்கு இறங்கினால் அரைமா, நாற்பதில் ஒன்று. கால்குலேட்டர் வந்தபின் பழைய தமிழ்ப் பின்ன வாய்பாட்டுக்கு வேலையே இல்லை என்று வருந்துவோர், மோதல்கட்சியினரின் சாதனைகளை அளக்க வேறு அளவை கிடையாது என்பதைக் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது நேர்க்கட்சி. தொழிற்சாலைப் பெட்டியும் அதன் வளைவு நெளிவுகளும் காற்றைத் தடுக்கின்றன, குழாயை நேராக்கினால் தடை போய்விடும் என்பார்கள். இதை வாதிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, அளந்துவிடலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூபில், போனட்டிலிருந்து முன் இருக்கை வரை எட்டும் நீளம் போதும். இருக்கைப் பக்கம் அதை ‘ப’ எழுத்துப் போல வளைத்து, சொட்டுநீலம் கலந்த தண்ணீரை வளைவில் பாதிக்கு ஊற்றி, ஒரு முனையை ஃபில்ட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே செருகவேண்டும். மறுமுனை வெளிக்காற்றில் திறந்திருக்கட்டும். ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து ஓட்டும்போது இரு பக்கத் தண்ணீர் மட்டமும் எவ்வளவு விலகுகிறது என்று பக்கத்தில் அமர்ந்தவர் பார்க்கவேண்டும்; ஓட்டுபவர் பார்க்கக்கூடாது. பத்து சென்டிமீட்டர் விலகினால் வளிமண்டலத்தில் நூற்றில் ஒரு பங்கு வழியிலேயே தொலைகிறது என்று பொருள். தாராளமாக இருபது சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொண்டு, அத்தனையையும் புதுக் குழாய் மீட்டுத்தந்துவிடும் என்றும் நம்பினால் கிடைப்பது நூற்றுக்கு இரண்டு. முப்பத்தேழில் இரண்டு விழுக்காடு முக்கால் குதிரை. இந்த ஆய்வின் தலைப்பு இந்த இடத்தில்தான் பிறந்தது.

அந்த முக்காலும் ஆக்சிலேட்டர் தரையைத் தொடும்போதுதான் வரும். நகர நெரிசலில் த்ராட்டில் முக்கால்வாசி மூடியே இருக்கிறது. உள்ளே போகும் காற்றைத் தடுத்து நிறுத்துவதே அதன் உத்தியோகம். ஓட்டுபவர் தம் காலாலேயே வாசலைச் சாத்திவைத்துக்கொண்டு, தெருமுனையில் சந்து குறுகலாக இருக்கிறது என்று மாநகராட்சிக்கு மனுப் போடுவதில் பயனில்லை. கால் இன்னும் ஒரு நூல் இறங்கினால் காரியம் முடிந்தது.

மூன்றாவது குளிர்க்கட்சி. மூன்றில் கல்வி கற்ற கட்சி இதுதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது; அதே லிட்டரில் அதிக எடை. போனட்டுக்குள் 60 பாகை வெப்பத்தில் கிடக்கும் காற்றை விட்டுவிட்டு வெளியே 35 பாகையில் இருப்பதை உறிஞ்சினால் நூற்றுக்கு எட்டு அடர்த்தி கூடும். ஏட்டுக் கணக்கில் ஏறத்தாழ மூன்று குதிரை! ஆய்வாளர் இங்கே சற்றே தடுமாறியது உண்மை. ஆனால் கம்பெனிப் பெட்டியின் மூக்கு எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தால் மர்மம் விலகும். பெரும்பாலான கார்களில் அது ஏற்கெனவே வெளிக்காற்று படும் மூலையில்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று குதிரையும் விலையோடு சேர்த்தே வந்துவிட்டன. அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் கூம்பு ஃபில்ட்டர் ஒன்றை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே குழாய் முனையில் மாட்டுகிறவர், குளிர்க்கட்சியின் கொடியைப் பிடித்துக்கொண்டு வெந்நீர் அண்டாவுக்குள் இறங்குகிறார். மூன்று குதிரை கையைவிட்டுப் போகின்றன. கூம்பு மட்டும் சிவப்பாக இருக்கிறது.

பந்தயக்காரர்கள் இதைச் செய்யவில்லையா என்ற தடை இங்கே எழும். செய்தார்கள். கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் ஏற்றி ஃபார்முலா மாருதி என்ற இனத்தையே உருவாக்கினார். 1960-இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் 300எஃப் காரில் முப்பது அங்குல நீளக் குழல்களை எஞ்சினுக்குக் குறுக்கே போட்டது. குறிப்பிட்ட சுற்றுவேகத்தில் குழலுக்குள் எழும் அழுத்த அலை சரியாக வால்வு திறக்கும் நொடியில் வந்து சேரும்படி அந்த நீளம் கணிக்கப்பட்டிருந்தது. 1991-இல் லே மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் குழல் நீளத்தை நீட்டிச் சுருக்கிக்கொண்டது. ஆனால் இந்தக் குழல்கள் ஃபில்ட்டர் பெட்டியிலிருந்து வரும் பொதுக் குழாய் அல்ல. எஞ்சினுக்குள் போகும் கடைசிக் குழல்கள். கேம், வால்வு, சைலன்சர் என எல்லாவற்றையும் மாற்றியபின் பந்தயக்காரர் கடைசியாகக் கைவைக்கும் பெட்டியை நம்மவர் முதலில் கழற்றுகிறார்; பிறகு அங்கேயே நின்றுவிடுகிறார்.

செய்முறை

ஆயினும் செய்துபார்க்காமல் மறுப்பது அறமாகாது. 63 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் ஓரடி, 45 பாகை பெண்டு ஒன்று, இரண்டு ரப்பர் இணைப்பு, நான்கு ஹோஸ் கிளிப், ஆக்ஸா பிளேடு, உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் நடக்கும் உரையாடல் தரவாகப் பதிவு செய்யத்தக்கது.

“எதுக்கு சார்? சிங்க் லைனா, மாடித் தண்ணியா?”

“காருக்குங்க.”

“கார் கழுவறதுக்கா? அதுக்கு ஓஸ் போதுமே.”

அறுத்த முனையை உப்புத்தாளில் தேய்த்தபின் குழாயைக் கழுவி உலர்த்துவது மிக முக்கியம். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தூளுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இனி ஃபில்ட்டர் கிடையாது. எஞ்சினிலிருந்து எண்ணெய்ப் புகையைக் கொண்டுவரும் சிறு ரப்பர் குழாய் ஒன்று பழைய பெட்டியில் சொருகியிருக்கும். அதை அநாதையாகத் தொங்கவிடாமல் புதுக் குழாயில் துளையிட்டுச் சேர்க்கவேண்டும். பி.வி.சி. சுமார் 80 பாகையில் இளகத் தொடங்கும் என்பதால் எக்ஸாஸ்ட் பக்கம் அண்டவிடக்கூடாது. ஃபில்ட்டர் என்று எதுவும் மாட்டாமல் வெறும் வாயாக ஓட்டுவோர் ஒரு பிரிவினர் உண்டு. நம்மூர்ப் புழுதியில் அவர்கள் வண்டிக்குள் செல்வது காற்று அல்ல, உப்புத்தாளின் மறுவடிவம்.

குளிர்க்காற்றைத் தேடிக் குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்குவோர்க்கு ஒரு கணக்கு. 800-இன் ஒரு சிலிண்டர் 265 சி.சி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சும் இடம் 30 முதல் 35 மில்லி வரைதான். அதைவிட அதிகமாகத் தண்ணீர் உள்ளே போனால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் இந்தப் பாடத்தைக் குழாய் எதுவும் மாட்டாமலேயே படித்தன. தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி திருப்பிப் பார்த்ததால் வந்த சேதம் சாதாரணப் பாலிசியில் பெரும்பாலும் சேராது என்பதும் அந்த மாதத்தில்தான் பலருக்குத் தெரியவந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு வேளச்சேரியில் வடகிழக்குப் பருவமழையை எதிர்கொள்ள நினைப்பவரின் துணிச்சலை ஆய்வாளர் மெச்சுகிறார். உடன் பயணம் செய்ய இயலாது.

சுபக்கம்

எல்லாம் முடிந்து வண்டியை எடுத்தால், வண்டி பறக்கிறது. இதுதான் ஆய்வின் நடுநாயகமான புதிர். கணக்கில் முக்கால், அனுபவத்தில் ஏழெட்டு. ஓட்டுபவரின் பின்புறத்தால் அளக்கும் இருக்கைமானி என்னும் கருவி பொய் சொல்லுமா?

சில துணைக் காரணங்களை முதலில் களைந்துவிடலாம். புதுக் குழாயோடு புது ஃபில்ட்டரும் வருகிறது. பழையது இரண்டு வருடமாக மண் தின்றுகொண்டிருந்தது. புகழ் குழாய்க்குப் போகிறது. அடுத்து, சோதனை ஓட்டம் எப்போதும் விடியற்காலையில் காலியான சாலையில்தான் நடக்கிறது. பகலில் 40 பாகை, விடியலில் 25 பாகை என்றால் அடர்த்தி நூற்றுக்கு ஐந்து கூடுகிறது. குதிரையில் ஒன்றே முக்காலுக்கு மேல். குழாய் தருவதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக அலாரம் கடிகாரம் தருகிறது. இன்னும் வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போகலாம். அங்கே 2240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. மேட்டுப்பாளையம் இறங்கி வந்தால் அழுத்தம் மட்டுமே ஏழு குதிரையைத் திருப்பித் தருகிறது. அடிவாரத்து வெக்கை அதில் இரண்டைப் பிடுங்கிக்கொண்டாலும் ஐந்து கையில் நிற்கும்.

எஞ்சி நிற்பது காது. தொழிற்சாலைப் பெட்டி காற்றை வடிகட்டுவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது: வாயை மூடுகிறது. பெட்டியின் வயிறும், பக்கவாட்டில் எதற்கென்று தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் காலிக் குடுவையும் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த ஒத்ததிர்வுக் குடங்களின் வாரிசுகள். ஒரு குறிப்பிட்ட சுருதியை விழுங்குவதற்காகவே வைக்கப்பட்டவை. அவற்றைக் கழற்றினால் விழுங்கப்பட்டிருந்த சுருதி வெளியே வருகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை முறை மூச்சிழுக்கிறது. 3000 சுற்றில் நொடிக்கு 75 அதிர்வு. 5250 சுற்றைத் தொட்டால் 131; ஒரு கட்டையில் பாடும் ஆண் வித்வானின் ஆதார ஸட்ஜம் ஏறத்தாழ அதுவே. ஆக்சிலேட்டரை மிதித்தால் கமகம் தாராளம். மெக்கானிக் கடையில் கேட்ட மதிப்புரை இதை உறுதிசெய்கிறது: “சவுண்டு மாறிடுச்சு பாருங்க சார். வண்டி இப்ப ஃப்ரீயா போகுது.” அவர் சவுண்டை முன்னும் வேகத்தைப் பின்னும் வைத்த வரிசைமுறை கவனிக்கத்தக்கது.

இதை ஏமாற்று என்று தள்ளிவிட ஆய்வாளர் உடன்படமாட்டார். லெக்ஸஸ் எல்எஃப்ஏ காரின் காற்றுவழியைச் சுருதிகூட்ட டொயோட்டா இசைக்கருவி வம்சத்து யமஹாவை அழைத்தது. 2011-இல் வந்த பி.எம்.டபிள்யூ. எம்5 எஞ்சின் ஓசையை ஸ்பீக்கர் வழியாகவே காருக்குள் ஒலிபரப்பியது. கோடிகளில் விலைபோகும் வண்டிகள் செய்ததைச் சில நூறு ரூபாய்க் குழாயில் செய்துகாட்டியவர் எஞ்சினியரிங்கில் தோற்றிருக்கலாம். இசைக்கருவி செய்பவராக அவர் தேறிவிட்டார். இனி குழாய்வாதிகளைச் சந்திக்கும்போது எத்தனை குதிரை ஏறியது என்று கேட்பதைவிட எத்தனை கட்டை என்று கேட்பதே முறை.

சட்டம் இந்த இசையை ரசிக்குமா என்பது வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. குழாய் ஆர்.சி.யில் இல்லை என்று வாதாடலாம். பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும் அன்று ஆர்.டி.ஓ. மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் நின்று அந்த வாதத்தைத் தொடங்குவது உசிதமல்ல. உற்பத்தி நின்ற வருடத்தை வைத்துப் பார்த்தால் எல்லா 800-களுக்கும் அந்த நாள் வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டிருக்கிறது. ஆகவே பழைய பெட்டியைக் காயலான்கடைக்குப் போடாமல் பரணில் ஏற்றிவைக்கவேண்டும். மூடியைப் பூட்டும் கிளிப்புகளைக் கழற்றியிருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுவது நல்லது. புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் பெட்டி கிடைக்கும், கிளிப்பு கிடைக்காது.