விழுந்த விதம் குறித்த விளக்கம்

எங்கள் உறவுக் கூட்டத்தில் மெடிக்ளைம் பாலிசியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஜீவன் நான்தான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "இந்த மூட்டு வலி இருக்கே..." என்று ஆரம்பித்தால் போதும், ரசம் வருவதற்குள் வெயிட்டிங் பீரியட், கோ-பே, சப்-லிமிட் மூன்றையும் அவருக்குப் பரிமாறிவிடுவேன். முன்பே இருக்கிற வியாதிக்கு அதிகபட்சம் 3 வருஷம்தான் காக்க வைக்கலாம். புது பாலிசியின் முதல் 30 நாள் கெடு விபத்துக்குக் கிடையாது. 5 வருஷம் விடாமல் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய 'அன்னைக்கே ஏன் சொல்லலை' என்று கையை விரிக்க முடியாது. எல்லாம் மனப்பாடம். பெரும்பாலும் பாயசத்துக்கு முன்பே அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

இவ்வளவு ஞானமும் உபயோகப்படாமலே கிடந்தது. வருஷா வருஷம் பிரீமியம் கட்டுகிறேன், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆவதில்லை. என் மனைவி இதை ஆரோக்கியம் என்பாள். எனக்கு அது தண்டச் செலவாகவே பட்டது.

போகிக்கு முதல் நாள் பரணிலிருந்து வெண்கல உருளியை இறக்கப் போய் அந்தக் குறை தீர்ந்தது. உருளிக்கு ஒரு கீறல் இல்லை. அதைக் காப்பாற்றிய வலது மணிக்கட்டுதான் வேறு யாருடைய மணிக்கட்டோ என்பதுபோல் திரும்பிக்கொண்டு நின்றது.

கேஷுவாலிட்டியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "காலிஸ் பிராக்சர்" என்றார் டாக்டர். டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் என்பவர் 1814-ல், எக்ஸ்ரே என்ற வார்த்தையே பிறக்காத காலத்தில், இந்த முறிவை விவரித்து எழுதியதால் அந்தப் பெயராம். கை ஊன்றி விழுகிறவர்களுக்கு வருவது, வயசானவர்களிடம் நிறையப் பார்க்கலாம் என்று சேர்த்துச் சொன்னார். எனக்கு 57. பிந்தைய தகவல் இல்லாமலே சிகிச்சையைத் தொடர்ந்திருக்கலாம்.

"மாவுக்கட்டு போட்டும் பார்க்கலாம். ஆனா எலும்பு நகர்ந்திருக்கு. ஆபரேஷன் பண்ணிப் பிளேட் வெச்சா நல்லா சேரும்."

மற்றவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும் செய்தி. எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல். மாவுக்கட்டு என்றால் அரை மணியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 24 மணி நேரம் படுக்காமல், டே கேர் பட்டியலிலும் இல்லாமல் வெறும் ஓபி-யில் முடிகிற வைத்தியத்துக்கு என் பாலிசியில் நயாபைசா கிடையாது. எலும்பு ஒழுங்காக உடைந்திருந்தால் முழுச் செலவும் என் தலையில். தாறுமாறாக உடைந்ததால் க்ளைம் உண்டு. நகர்ந்த எலும்பை மனசுக்குள் பாராட்டினேன்.

அட்மிஷன் கவுன்ட்டரில் இருந்த பெண் என்ன ரூம் வேண்டும் என்று கேட்டாள். நான் வலியை மறந்து பாடத்தை ஆரம்பித்தேன். பாலிசி 5 லட்சம், ரூம் வாடகை அதில் 1 சதவீதம், ஆக ஒரு நாளைக்கு 5,000 வரை எனக்கு உரிமை உண்டு. அவள் பொறுமையாகத் தலையாட்டி, "அப்போ ஷேரிங் ரூம் போட்டுடவா சார்?" என்றாள். சரி என்று வாயைத் திறக்கும் நேரத்தில், சேதி கேட்டு ஓடிவந்த சம்பந்தி என் பக்கத்தில் வந்து நின்றார். பெண்ணைக் கொடுத்து இரண்டாம் பொங்கல்கூட ஆகவில்லை. சம்பந்தியை வைத்துக்கொண்டு ஷேரிங் ரூம் என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு நாக்கு வரும்? "சிங்கிள் ஏசி" என்றேன். வாடகை 8,000.

மனசுக்குள் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். நாளைக்கு 3,000 கையிலிருந்து போகும், இரண்டு நாளைக்கு 6,000, கௌரவத்துக்கு அது தாங்கும். விகிதாசாரக் கழிவு என்று ஒரு ஷரத்து உண்டு. அதைப் பற்றிப் பந்தியில் எத்தனையோ பேரைப் பயமுறுத்தியவன் நான். அந்த நிமிஷம் அது எனக்கே பொருந்தும் என்று தோன்றவில்லை. சம்பந்தி அந்த அறையில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, "ஏசி கொஞ்சம் ஓவரா இருக்கு" என்று கிளம்பிப் போனார்.

கேஷ்லெஸ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கை உடைந்தவன் எங்கே போடுவது? இடது கையால் போட்டேன். பான் கார்டில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தது. நான் பேங்க்கில் வேலை பார்ப்பவன். கையெழுத்து ஒத்துப்போகாத செக்கை முகத்தில் சலனமே இல்லாமல் திருப்பி அனுப்பியே தலை நரைத்தவன். இன்ஷூரன்ஸ் டெஸ்க் பையன் ஸ்டாம்ப் பேடை நீட்டி, "கைநாட்டு வெச்சிடுங்க சார்" என்றான். வைத்தேன்.

அடுத்து, கம்பெனிக்காக க்ளைமைப் பரிசீலிக்கும் டிபிஏ-விடமிருந்து க்வெரி வந்தது. நோயாளி விழுந்த விதம் குறித்து விளக்கம் தேவை, விழுந்தபோது மது அருந்தியிருந்தாரா என்பதையும் தெரிவிக்கவும். "கீழ விழுந்த கேஸ்னாலே இதைக் கேப்பாங்க சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் பையன். காலை பத்து மணிக்குப் பரணை ஒழிக்கிறவனைப் பற்றி இப்படியும் சந்தேகம் வருமா என்று பொங்கினேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாதத்து சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் எடுத்துரைத்தேன். "க்வெரியும் பதில்தான சார்" என்றான்.

விளக்கத்தை நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதுவதாக ஏற்பாடு. 'வீட்டுப் பராமரிப்புப் பணியில் ஈடுபட்டிருந்தபோது எதிர்பாராத விதமாக' என்று தொடங்கினேன். அவள் பேனாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். திரும்பி வந்த காகிதத்தில் இருந்தது:

'என் கணவர் இன்று காலை, வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளாத நிலையில், உடைசல் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் ஏறினார். ஏணி எதிர் வீட்டில் கிடைக்கும் என்று சொன்னேன். இதுக்கெல்லாமா ஏணி என்று சொல்லிக்கொண்டே விழுந்தார். அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இதை அவர் முழு நிதானத்துடனேயே செய்தார்.'

டெஸ்க் பையன் இரண்டு தடவை படித்தான். "இவ்ளோ கிளியரா யாரும் எழுதிக் குடுத்ததில்லை மேடம்." முக்கால் மணியில் அனுமதி வந்துவிட்டது.

ஆபரேஷன் நடந்தது. மயக்கத்தில் இருந்ததால் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்றார். சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பாடு வந்தது, டீ வந்தது, பில் வரவில்லை. அதே சுற்றறிக்கையில் 3 மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜுக்கு இறுதி அனுமதி தர வேண்டும், தாமதத்தால் கூடும் செலவு கம்பெனியைச் சேரும் என்று இருப்பதைப் பையனிடம் நினைவூட்டினேன். "கரெக்ட் சார். ஆனா நாங்க பில்லை அனுப்பினப்புறம்தான் அந்த மூணு மணி நேரம் ஸ்டார்ட் ஆகும். பில் இன்னும் ரெடி ஆகலை." இந்தப் பையன் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காராமல் இருக்கக் கடவது.

வந்தது பில். ரூம் வாடகையில் நான் எதிர்பார்த்த 6,000 கழிந்திருந்தது. 5,000-ஐத் தாண்டிய அறை என்பதால் 5 சதவீத ஜிஎஸ்டி, ஒரு 800. அதற்குக் கீழேதான் விகிதாசாரம் குந்தியிருந்தது. எனக்கு உரிமை 5,000, எடுத்தது 8,000, ஆகவே வாடகையில் மட்டுமல்ல, சர்ஜன் ஃபீஸ், மயக்க டாக்டர் ஃபீஸ், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் கம்பெனி தரும். அவையெல்லாம் சேர்ந்து 84,000. வந்தது 52,500. மிச்சம் 31,500 நான். ஷேரிங் ரூமில் படுத்திருந்தாலும் இதே டாக்டர் இதே ஸ்க்ரூவைத்தான் முடுக்கியிருப்பார். ஆனால் அறைக்குத் தக்கபடி அவருடைய ஃபீஸும் ஏறுகிறது என்பது ஆஸ்பத்திரி வழக்கம், அந்த ஏற்றம் எங்களைச் சேராது என்பது கம்பெனி வழக்கம். இரண்டு வழக்கத்துக்கும் நடுவில் சம்பந்தியின் பத்து நிமிஷம் மாட்டிக்கொண்டது. அறைக்கு ஏற்றபடி கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரியில் இந்தக் கழிவைப் போடக்கூடாது என்பதும் விதியில் உண்டு. அதையும் கேட்டேன். "நம்ம ஆஸ்பிட்டல்ல மாத்துவோம் சார்" என்றான் பையன், பெருமையாக.

ஒரே விதிவிலக்கு, மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கிற சாமான் ஆகியவற்றுக்கு விகிதாசாரம் பொருந்தாது. மணிக்கட்டுக்குள் போன டைட்டானியம் பிளேட்டுக்கு 28,000 ரூபாய் முழுசாக வந்திருந்தது.

பிறகு பட்டியல். பாலிசி கொடுக்காத சில்லறைச் சாமான்கள் என்று 68 உருப்படி கொண்ட ஒரு பட்டியல் உண்டு. குழந்தை உணவு, அழகுக் கலைச் சேவை, கையுறை, முகக்கவசம், கிரேப் பேண்டேஜ், கையைத் தொங்கவிடும் ஸ்லிங், டிவிக் கட்டணம், போட்டோ காப்பி. பிணவறைக் கட்டணமும் அதில் அடக்கம். நல்லவேளை, அது எனக்குத் தேவைப்படவில்லை. என் பில்லில் அறுபது ஜோடி கையுறை இருந்தது. ஒரு மணிக்கட்டைத் திறக்க இத்தனை பேரா என்று திகைத்தேன். டாக்டர் கையுறை போட்டது என் செலவு, உடைந்த கையைத் தாங்கும் தூளியும் என் செலவு என்றால் கம்பெனி எதைத்தான் தாங்குகிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கார்டைத் தேய்க்க வேண்டியிருந்தது, அதுவும் இடது கையால்.

வீட்டுக்கு வந்த பிறகு தொடங்கிய செலவு எந்தப் பட்டியலிலும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கு நான்கு ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸும் கொண்டுவந்து, இரண்டு வேளை காபியும் ஒரு வேளை டிபனும் சாப்பிட்டுப் போனார்கள். போகும்போது ஒவ்வொருவரும் வாசலில் செருப்பு மாட்டியபடி, "பேசாம புத்தூர் போயிருக்கலாம். திருத்தணி தாண்டி கொஞ்ச தூரம்தான். ஒரு கட்டு, முடிஞ்சது சோலி" என்றார்கள். பாத்திரம் தேய்க்கிற அம்மா, உருளியின் கனத்தைக் காட்டிச் சம்பளத்தில் 500 ஏற்றினார். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் வரையிலான செலவை பாலிசி தரும், பில் மட்டும் வேண்டும். கேட்டால் அவர், "பில்லு எதுக்கு சார், ஜிபே பண்ணிடுங்க" என்கிறார். விரல் மடங்க ஆரம்பித்தபோது 60 நாள் முடிந்திருந்தது.

இன்னொரு பாலிசியும் எனக்கு உண்டு. வருஷம் 20 ரூபாய் பிடிக்கிற பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு. என் கவுன்ட்டரிலேயே எத்தனையோ பேரை அதில் சேர்த்திருக்கிறேன். பகுதி ஊனத்துக்கு ஒரு லட்சம் என்று நம்பிக்கையோடு விதியை எடுத்துப் பார்த்தேன். ஒரு கண்ணின் பார்வையோ, ஒரு கையின் அல்லது காலின் உபயோகமோ மீட்க முடியாதபடி போயிருக்க வேண்டும். என் கை போகவில்லை. இருக்கிறது, வளையத்தான் மாட்டேன் என்கிறது. பக்கத்து சீட் நண்பர், "ஏணியில ஏறியிருந்தா இன்னும் உசரத்துல இருந்து விழுந்திருக்கலாமே சார்" என்று வருத்தப்பட்டார்.

புதுப்பிக்கும் நோட்டீஸ் வந்தது. தனிநபர் மருத்துவ பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்து பிரித்தேன். வரி போயிருந்தது. க்ளைம் இல்லாததற்குச் சேர்ந்திருந்த போனஸும் கூடவே குறைந்திருந்தது. பிரீமியம் மட்டும் ஏறியிருந்தது. 60 தாண்டியவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கேட்காமல் ஏற்றக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கிறது. டாக்டர் வயசானவர் என்கிறார், கம்பெனி இன்னும் ஆகவில்லை என்கிறது.

போன வாரம் செக்கப். எலும்பு சேர்ந்துவிட்டது, பிளேட் உள்ளேயே இருக்கலாம், உறுத்தினால் ஒரு வருஷம் கழித்து எடுத்துவிடலாம், ஒரு நாள் அட்மிஷன் போதும் என்றார் டாக்டர். எடுத்துவிடலாமா என்று நான் யோசிக்கிற தோரணையில் மனைவியைப் பார்த்தேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க" என்றாள். "முழுசாப் பணம் வந்தது அது ஒண்ணுக்குத்தான்."