நாலு ஜிபி மகாத்மியம்

பழைய கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வீட்டில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: "பையன் படிப்புக்கு." பையனும் மறுத்ததில்லை.

சென்னை ரிச்சி தெருவில் கடை ஏறினால் முதல் கேள்வி, "எத்தனை ஜிபி சார்?" என்னமோ எண்ணெய் அளந்து ஊற்றுவது மாதிரி. நாலு என்றால் ஜிடி 730 வெளியே வரும். 2014-இல் பிறந்த கார்டு. நாலு ஜிபியையும் நிரப்பி ஒரு கேமை ஓட்டும் தெம்பு அந்தச் சிப்புக்குக் கிடையாது. தெம்பெல்லாம் அட்டைப்பெட்டிப் படத்தோடு சரி.

என்விடியாவின் ஜிடி 1030 இன்னும் ரசமான கதை. 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. வேகம் விநாடிக்கு 48 ஜிபி. மறு வருஷமே டிடிஆர்4 போட்டு இன்னொன்று விட்டார்கள். வேகம் 17-ஐக்கூடத் தொடவில்லை. பெயர் மட்டும் அதே ஜிடி 1030! வித்தியாசம் பெட்டி மூலையில், பொடி எழுத்தில்.

ஏஎம்டி சளைத்ததா? 2022-இன் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, மதர்போர்டோடு பேச நாலே லேன்தான் (தகவல் போகும் பாதை) வைத்திருக்கிறது. புது போர்டில் சமாளிக்கும், பழைய பிசிஐஇ 3.0 போர்டில் திணறும். மலிவு கார்டு தேடுகிறவரிடம் இருப்பது எந்த போர்டாம்?

கடைக்குக் கிளம்புமுன் கேபினெட்டைத் திறந்து, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். கார்டுக்கான 6 பின் வயர் இல்லையா? மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டாகக் கேளுங்கள். ஜிபியை அப்புறம் பேசலாம்.