கப்பலுக்குப் பேர் கேட்கிற பேராண்டிக்கு

வாடா பேராண்டி, திண்ணையில உட்காரு. கையில என்ன, மனுவா? அடுத்து கட்டுற போர்க்கப்பலுக்கு ‘ஐஎன்எஸ் திருச்சிராப்பள்ளி’ன்னு பேர் வைக்கணும்னு உத்தர வீதி, சித்திர வீதியெல்லாம் சுத்திக் கையெழுத்து வாங்கியிருக்கே. பேஷ். அவ்வளவு நீளப் பேர வடக்கத்தி மாலுமி சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிரிக் கப்பல்காரன் கரையேறி காபி குடிச்சிட்டுப் போயிடுவான்.

“இம்பாலுக்கு மட்டும் கடல் இருக்கா தாத்தா? 2023ல அவங்களுக்குக் கப்பல் கிடைக்கலையா?”ன்னு மடக்குறே. நியாயந்தான். கடற்படையில அதுக்கெல்லாம் ஒரு முறை வச்சிருக்கான். நாசகாரிக் கப்பல்னா ஊர்ப் பேர்: டெல்லி, கொல்கத்தா, கொச்சி, சென்னை, சூரத். ஃபிரிகேட்னா மலை, ஆறு, இல்லாட்டி தல்வார், திரிசூல்னு ஆயுதம். கடற்படை விமானத் தளம்னா பறவை: அரக்கோணத்துல ராஜாளி, உச்சிப்புளியில பருந்து. இதையெல்லாம் பார்த்து முடிவு பண்ண டெல்லியில ஒரு குழுவே இருக்கு. ஒரு தெருவுல பத்து ரங்கராஜன வச்சுக்கிட்டு, தபால்காரன் உசிர வாங்குற நம்ம ஸ்ரீரங்கத்து ஆளு ஒருத்தரும் அந்தக் குழுவுல இல்ல போலிருக்கு.

வயிறெரியணும்னா இம்பாலப் பார்த்து எரியாதே, மைசூரப் பாரு. வெள்ளக்காரன்கிட்ட ‘நைஜீரியா’ங்கிற பழைய குரூசர வாங்கி, 1957ல ‘மைசூர்’னு பேர் வச்சான். ஆறு அங்குல பீரங்கி ஒம்பது இருந்துச்சு அதுல. அது ஓஞ்சப்புறம் 1999ல புதுசா ஒரு நாசகாரி, அதுக்கும் மைசூரே. தண்ணியும் அவங்ககிட்ட, கப்பலும் அவங்ககிட்ட. நமக்கு மணல் லாரி.

சரி, பேர் கிடைச்சா கப்பலுக்கு ஆயுசு கெட்டின்னு நினைக்கிறியா? நீலகிரிய எடுத்துக்க. மும்பை மசகான் கப்பல் தளத்துல கட்டி, 1972ல படையில சேர்த்தான். 1996ல ஓய்வு கொடுத்தான். அடுத்த வருசம் நம்ம சீ ஹாரியர் விமானமே ஏவுகணையப் போட்டுக் கடலுக்குள்ள அனுப்பிடுச்சு. குறி சரியா விழுதான்னு பார்த்தானாம்! 2025 ஜனவரியில அதே தளத்துல கட்டின புதுக் கப்பலுக்கு மறுபடி நீலகிரின்னு பேர். செத்த தாத்தா பேரப் பேரனுக்கு வைக்கிற நம்ம வழக்கந்தான். என்ன, நாம தாத்தாவக் குறி வச்சுப் பழகுறதில்ல. இப்படிப் பார்க்காதே, எனக்கு இன்னும் ஆயுசு இருக்கு.

நம்ம காவிரியும் கடல்ல ஓடினவதாண்டா. 1943லயே ‘காவேரி’ன்னு ஒரு ஸ்லூப் ரகப் போர்க்கப்பல், நாலு அங்குல பீரங்கி ஆறோட. சுதந்திரம் வந்து கப்பலப் பங்கு போட்டப்ப கோதாவரிங்கிற கப்பல் பாகிஸ்தானுக்குப் போச்சு. காவேரி நம்ம பங்குக்கு வந்து, 1961ல கோவா மீட்புக்கும் போயிட்டு வந்தா. அதுக்கப்புறம் ஃபிரிகேட்டுக்கு ஆத்துப் பேர் வச்சப்போ கோதாவரி, கோமதி, கங்கா. அடுத்த தடவை பிரம்மபுத்ரா, பெட்வா, பியாஸ். காவிரிக்கு இடமில்ல. ஒரு ஜெட் எஞ்சினுக்குக் காவிரின்னு வச்சான். தேஜஸ் போர் விமானத்துல பூட்டத்தான் செஞ்சான். தேஜஸ் பறக்கிறது என்னவோ அமெரிக்க எஞ்சின்ல. அந்தக் காவிரிய எந்த ஊர்ல செஞ்சான் தெரியுமா? பெங்களூர்ல. அங்க மாட்டினா எப்படிடா கீழ இறங்கும்?

இப்ப காதக் கொடு. கப்பலோட வீரம் பின்பக்கத்துல எழுதின பேர்ல இல்ல. அந்தக் காலத்துல எத்தனை பீரங்கின்னு எண்ணுவான். இப்ப ஐஎன்எஸ் சென்னையில பிரம்மோஸ் ஏவுகணையே பதினாறு. சத்தத்தப் போல மூணு மடங்கு வேகத்துக்குக் கிட்ட போகும். ஆனா ஒரு சின்னப் படகு வெடிமருந்தக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல வந்தா பிரம்மோஸ் என்ன பண்ணும்? 2000ல ஏடன் துறைமுகத்துல ‘கோல்’ங்கிற அமெரிக்க நாசகாரிய அப்படித்தான் ஓட்டை போட்டான். 17 பேர் போயிட்டாங்க. எல்லா ஏவுகணையும் உள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு.

அந்தப் படகத் தடுக்கிற துப்பாக்கி எங்க செய்யிறான்? உன் பைக்கு அரை மணியில போற நவல்பட்டுல! 1966லருந்து இருக்கிற நம்ம துப்பாக்கித் தொழிற்சாலையில. 12.7 மில்லிமீட்டர். கப்பல் எப்படி ஆடினாலும் குழல் குறிய விடாது. சுடுறவன் மேல்தளத்துல மார்பக் காட்டிக்கிட்டு நிக்க வேண்டாம். உள்ள உட்கார்ந்து திரையப் பார்த்து விசைய அழுத்துவான். ராத்திரிக்கு உடம்புச் சூட்டக் காட்டுற கேமரா. இஸ்ரேல்காரன்கிட்ட நுட்பம் வாங்கி, 2021ல கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்குமா முதல்ல 15 கொடுத்தான். 2024ல 463க்கு ஒப்பந்தம், 1,752 கோடி ரூபாய். ஒப்பந்தம் கான்பூர்ல தலைமையிடம் வச்சிருக்கிற கம்பெனி பேர்ல. நம்ம ஆலை அதுக்குக் கீழதான். பேர் கான்பூருக்கு, கையில எண்ணெய்க் கறை நவல்பட்டுக்கு. நீ ஒரு கப்பல்ல திருச்சின்னு எழுதச் சொல்றே. அவன் நூறு கப்பல்ல திருச்சியப் பூட்டிக்கிட்டு இருக்கான். ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’னு ஊர் பேர்லயே ஒரு துப்பாக்கி செஞ்சானே, அதுக்கு எத்தனை பேர்கிட்ட கையெழுத்து வாங்கினே?

அதுக்காக மனுவக் கிழிக்காதே, காகிதம் காசு. திருச்சிய அடிச்சிட்டுக் காவிரின்னு எழுது. ஃபிரிகேட்டுக்கு ஆத்துப் பேர் முறைதான், ஒரு தடவை ஓடின பேரும் கூட. கீழ ஒரு வரி சேர்த்துக்க: அந்தத் துப்பாக்கிக்குப் பக்கத்துல ‘நவல்பட்டு’ன்னு ஒரு தகடு. அப்புறம் பஸ் ஏறி மைசூருக்குப் போய் அங்கயும் நூறு கையெழுத்து வாங்கு. காவிரி விசயத்துல ரெண்டு மாநிலமும் ஒரே காகிதத்துல கையெழுத்துப் போட்டிருக்குன்னு பார்த்தா, டெல்லிக்காரன் பயந்துபோயாவது ஒரு கப்பலக் கொடுத்துடுவான்.