நாலு நிமிடம் இருபது விநாடி

2000-களின் தொடக்கத்தில் நெட்வொர்க் ஆட்கள் இரண்டு ரகம்: மல்டிகாஸ்ட் தெரிந்தவர்கள், தெரிந்த மாதிரி தலையாட்டுகிறவர்கள். முதல் ரகத்துக்குக் கேட்காமலே காபி வரும். எனக்கும் வந்தது.

எல்லாம் ஒரு பெருக்கல் கணக்கால் வந்த மரியாதை. சேர்மனின் புத்தாண்டு உரை ஒவ்வொரு மேஜையிலும் வீடியோவாகத் தெரிய வேண்டும். ஆளுக்கு 2 எம்.பி.பி.எஸ். என்றால் 300 பேருக்கு 600. சர்வரில் இருந்ததோ 100 எம்.பி.பி.எஸ். கார்டு. மல்டிகாஸ்ட் என்றால் சர்வர் ஒரே பிரதி அனுப்பினால் போதும். வழி பிரிகிற இடத்தில் ஸ்விட்ச்சே படியெடுத்துக்கொள்ளும். இது ஸ்டீவ் டீரிங் 1989-இல் ஆர்.எஃப்.சி. 1112-இல் எழுதிவைத்த சங்கதி. 1994-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் ஒரு பகுதி இப்படித்தான் இணையத்தில் போனது. வருங்கால டி.வி. இதுதான் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தோம்.

அதைக் கட்டி மேய்ப்பதுதான் பாடு. வீடியோ எந்த வழியில் போக வேண்டும் என்று ரௌட்டர்கள் பேசிக்கொள்ளும் முறைக்குப் பிம் என்று பெயர். அதில் டென்ஸ் மோட் கீரைக்காரம்மா மாதிரி: எல்லார் வாசலிலும் கூடையை இறக்கும், வேண்டாம் என்றால் போகும், மூன்று நிமிடம் கழித்து மறுபடி வந்து கூவும். ஸ்பார்ஸ் மோட் கேட்டவருக்கு மட்டும் கொடுக்கும். ஆனால் கேட்பவரையும் கொடுப்பவரையும் சேர்த்துவைக்க ரான்டவூ பாயின்ட் என்று ஒரு ரௌட்டரை நியமித்து, அதன் முகவரியை ஸ்விட்ச் ஸ்விட்ச்சாகச் சொல்லிவைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், அனுப்பும் மென்பொருளில் டி.டி.எல்., அதாவது பேக்கெட்டின் ஆயுள் கணக்கு, 1 என்று இருக்கும். முதல் ரௌட்டரே பேக்கெட்டைக் கொன்றுவிடும்.

ஒத்திகைக்கு எல்லாரையும் ஒரே வீலானில், அதாவது நடுவில் ரௌட்டர் இல்லாத ஒரே வலையில், போட்டார்கள். பழைய உரை ஓடியது, மேலாளர் முகத்தில் பூரிப்பு. திடீரென்று சேர்மன் விரலை உயர்த்தியபடியே நின்றுவிட்டார்.

"என்னப்பா, சேர்மன் ஹேங் ஆயிட்டார்?"

"நாலு நிமிஷம் இருபது செகண்ட் ஆயிடுச்சு சார்."

ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங் வைத்திருக்கும் ஸ்விட்ச், யாருக்கு வீடியோ வேண்டும் என்று குறித்துவைக்கும். 125 விநாடிக்கு ஒருமுறை "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று கேட்க ஒரு குவேரியர் வேண்டும். கேட்க ஆள் இல்லாவிட்டால் 260 விநாடியில் ஸ்விட்ச் பெயரை அடித்துவிடும். ஸ்விட்ச்களை நிறுவிக் கொடுத்தவர்கள் ஸ்னூப்பிங்கை இயக்கிவிட்டுக் குவேரியரை விட்டுவிட்டார்கள்.

இப்போது சேர்மனின் மகன் பேசுகிறார். ஐந்தாம் மாடியில் பேசுவது கிளவுடுக்குப் போய், நாலாம் மாடிக்கு ஆளுக்கொரு பிரதியாகத் திரும்பி வருகிறது. எந்தச் சிக்கனத்துக்காக நாங்கள் ராத்தூக்கம் கெட்டோமோ, அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அவரவருக்குத் தனித்தனி ஸ்ட்ரீம். நடுவில் உள்ள ஒவ்வொரு ரௌட்டரும் ஒவ்வொரு குழுவையும் நினைவில் வைக்க ஒப்புக்கொள்வதைவிட, ஊருக்கு ஊர் சர்வர் வைத்து பேண்ட்விட்த்தை வாரி இறைப்பது சுலபமாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் யாருக்கும் அனுப்பலாம் என்ற பழைய மல்டிகாஸ்ட்டை நெட்வொர்க்குகளுக்கு இடையே கைவிடச் சொல்லி 2020-இல் ஆர்.எஃப்.சி. 8815 வந்தது. புதுப் பையன்களிடம் சொன்னால், "அது சர்ட்டிஃபிகேஷனுக்குப் படிச்சது சார்" என்கிறார்கள்.

ஆனால் ஆசாமி சாகவில்லை. பங்குச்சந்தை விலைகளைத் தரகர்களுக்கு அனுப்புவது இன்றும் அவன்தான். மீட்டிங் ரூமில் மொபைல் குரோம்காஸ்ட்டைத் தேடுவதும் 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரியில்தான். போன மாதம் அதே பையன்களில் ஒருவர் போன் செய்தார்: கேமராக்களை மல்டிகாஸ்ட்டில் போட்டார்களாம், படம் கொஞ்ச நேரம் ஓடி நிற்கிறதாம், கேபிளையெல்லாம் மாற்றியாகிவிட்டதாம். எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று நான் கேட்கவில்லை, சொன்னேன். அவர் அசந்துபோனார்.

உங்கள் ஆபீசிலும் படம் நாலு நிமிடம் சொச்சத்தில் நின்றால், கேபிளில் கை வைக்காதீர்கள்; அந்த வீலானில் குவேரியர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.