உயிரோடிருக்கும் நாவலாசிரியனின் விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய பதிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

இன்னும் உயிரோடு இருப்பதற்காக முதற்கண் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் கண்காட்சியில் தங்கள் அரங்குக்கு வந்தேன். என் முதல் நாவல் எந்த அடுக்கிலும் இல்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகங்களும் வருகிறவர்களின் கண்ணில் படும் உயரத்தில் நிற்கவேண்டும் என்று, அடியில் என் நாவலை முட்டுக் கொடுத்திருந்தீர்கள். ஒரு பிரதியை உருவப் போனேன். பில் போடும் தம்பி ஓடிவந்து, "சார், அதைத் தொடாதீங்க, மேல இருக்கிறதெல்லாம் சரிஞ்சிடும்" என்றார். 'தமிழ் நாவல் மரபைத் தாங்கி நிற்கும் படைப்பு' என்று பின்னட்டையில் தாங்கள் எழுதியபோது புகழ்ச்சி என்று நினைத்துவிட்டேன்.

தங்கள் தேர்வில் குறை சொல்லமாட்டேன். கல்கி 1954இல் மறைந்தவர், எழுத்துகள் நாட்டுடைமை. ராயல்டி கேட்டுப் போன் செய்யமாட்டார், மெய்ப்பு பார்த்தாயிற்றா என்று நச்சரிக்கமாட்டார், தன் புத்தகத்தைத் தேடி அரங்குக்கும் வரமாட்டார். அந்தப் பக்குவம் எனக்கும் ஒருநாள் வந்துதானே தீரும்? ஆசிரியர் செத்த பிறகும் 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு என்று சட்டம் இடைஞ்சல் செய்கிறது. அரசு மனம்வைத்து நாட்டுடைமை ஆக்கினால் வாரிசுக்குப் பரிவுத்தொகை உண்டாம். என் மனைவி இப்போதெல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

ஒப்பந்தம் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கு சார் பேப்பரெல்லாம்?" என்றீர்கள். உருகிப்போனேன். எழுதிக் கையெழுத்திட்டுத் தராமல் உரிமை கைமாறாது என்கிறது 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. புத்தகத்தைத் திறந்தால் 'உரிமை: பதிப்பகத்தாருக்கு' என்று இருக்கிறது. உயிரோடிருப்பவனிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா என்று கூச்சப்பட்டிருப்பீர்கள்.

எடிட்டர் யார் என்றேன். பி.டி.எஃப். அனுப்பி, "நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க" என்றீர்கள். ராத்திரியெல்லாம் விழித்துத் திருத்தி அனுப்பினேன். திருத்தாத கோப்பு அச்சுக்குப் போயிற்று. "ரெண்டு பாரம் கூட்டினா அரசு நூலக ஆணைக்கு நல்லது" என்றதும் தாங்கள்தான். 32 பக்கத்துக்கு நான் எங்கே போவேன்? கதைக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு வெள்ளத்தை வரவழைத்தேன். அதில் நாயகன் செத்தான். அவனையாவது தங்களுக்குப் பிடித்திருக்கும்.

கண்காட்சியில் வாசகருக்கு 10 சதவீதக் கழிவு. எனக்குப் பேசிய ராயல்டியும் 10 சதவீதம். வாசகர் தன் பங்கைக் கவுண்டரிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். நான் கேட்டால், "யாரு சார் இப்ப நாவல் வாங்குறா?" என்கிறீர்கள். எத்தனை பிரதி அடித்தீர்கள் என்றால், "பி.ஓ.டி. சார், தேவைப்படுறப்ப மட்டும் அடிக்கிறோம்" என்கிறீர்கள். அட்டையில் மட்டும் இரண்டாம் பதிப்பு என்று போட்டிருக்கிறதே, யாருமே வாங்காத புத்தகத்துக்கு அது எப்படி வந்தது? அச்சுச் செலவுக்கு நான் தந்தது என் மனைவியின் வளையலை அடகு வைத்த பணம். ரசீதுகூடத் தரவில்லை. எழுதினவனிடமே காசு வாங்கிப் புத்தகம் போட்டு, விற்ற கணக்கையும் மறைப்பதற்குப் பெயர் இலக்கியச் சேவை இல்லை ஐயா, திருட்டு.

மன்னிக்கவும். உயிர் இருப்பதால் அவ்வப்போது கோபம் வந்துவிடுகிறது. தமிழுக்காகத் தாங்கள் உருக்கிக்கொண்டிருக்கும் உடம்பை, தங்கள் புதுக் காரிலிருந்து இறங்கும்போது கண்ணாரக் கண்டவன் நான்.

ஒரே ஒரு விண்ணப்பம். நூலக ஆணைப் பணம் வந்தால் என் பங்கை வங்கியில் போட்டுவிடுங்கள். கணக்கு எண் தங்களிடம் இருக்கிறது. அச்சுச் செலவுக்கு நான் பணம் அனுப்பிய அதே கணக்குதான்.

இப்படிக்கு,
தங்கள் முதல் நாவலாசிரியன்
(தற்சமயம் உயிருடன்)