கடவுச்சொற் சீட்டின் இயலும் இடமும்

கடைகளில் கணினித் திரையின் கீழ்விளிம்பில் செலோடேப்பால் ஒட்டப்பட்டு, நாள்பட்டு மஞ்சள் பூத்துக் காணப்படும் தாள்துண்டே இவ்வாய்வில் ‘சீட்டு’ எனப்படும். கடவுச்சொல் என்பதைக் கடவு (வழி), சொல் எனப் பிரிப்பது அகராதி மரபு. கடைத்தெரு மரபோ அதனைக் கடவுள், சொல் என்றே பிரிக்கிறது என்பதற்குச் சீட்டுகளில் பயின்றுவரும் ‘முருகா123’, ‘சாய்ராம்123’ முதலியன சான்றாகும். ஈற்றில் நிற்கும் 123 பொருளற்ற சாரியை.

இச்சாரியையின் வளர்ச்சிக்குப் புறக்காரணமும் உண்டு. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டுக்காக 2003-ல் பில் பர் எழுதிய வழிகாட்டி, எழுத்து, எண், குறியீடு ஆகியவற்றைக் கலக்கவும் சொல்லை அடிக்கடி மாற்றவும் பணித்தது. உலகம் அதற்குப் பணிந்து 123-ஐ 124 ஆக்கியது. 2017-ல் அந்நிறுவனமே அவ்விதிகளைக் கைவிட்டு, நீளமே வலிமை, காரணமின்றி மாற்றவேண்டா என்று திருத்தியது. பர்ரும் தம் அறிவுரைக்கு வருந்தினார். அத்திருத்தம் கடைவீதியை இன்னும் எட்டவில்லை.

சீட்டைக் கண்டதும் நகைப்பது கணினி கற்றோர் வழக்கம், அது முறையன்று. தொலைதேசத்தில் அமர்ந்து கன்னமிடுபவனுக்குச் சீட்டு தெரியாது. பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையரே 2005-ல், கடவுச்சொல்லை எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுமாறு கூறினார். ஆகவே குற்றம் எழுதியதில் இல்லை. சில்லறைக்குக் காத்து நிற்பவரெல்லாம் படிக்கும்படி ஒட்டியதிலும், டேலி என்னும் கணக்கு மென்பொருளுக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஒரே முருகனைக் காவல் வைத்ததிலும் உள்ளது. தொடர்பற்ற நான்கு சொற்களைக் கோத்து ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல் அமைத்து, சொல்லோடு கைப்பேசியின் ஒப்புதலையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை முதலில் மின்னஞ்சலுக்கு இடுதல் வேண்டும். ஏனெனில் மற்றக் கணக்குகளின் சொற்களை மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து சேர்கிறது.

சீட்டுக்கு அடுத்து ஆராயத்தக்கது, கணினியில் நிரந்தரமாகச் செருகப்பட்ட பென்டிரைவ். இது ‘பேக்கப்’, அதாவது கணக்கின் மாற்றுப்படி, என வழங்கப்படினும், மாற்றுச்சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்கு நிகராகும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்னும் நச்சுநிரல் 2017 மே 12 அன்று பரவத் தொடங்கியபோது, அதைத் தடுக்கும் மென்பொருள் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் வெளியிட்டு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகியிருந்தது. ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அழுத்தி வந்தோரே பெரிதும் சிக்கினர். செருகியிருக்கும் பென்டிரைவும் கணினியோடு சேர்ந்து பூட்டப்படும் என்பதால், அதைக் கழற்றி வீட்டுப் பூஜை அலமாரியில் வைப்பதே தக்கது; கடவுளின் காவல் அங்குச் செல்லும்.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தபின் ஒரு புதிய முரண் தோன்றியுள்ளது. எதிர்க்கடைக்காரர் வந்தால் கடன் நோட்டைச் சட்டென மூடும் முதலாளியே, பாக்கிதாரர்களின் பெயர், கைப்பேசி எண், தொகை அனைத்தையும் செயற்கை நுண்ணறிவிடம் கொட்டி, பணிவான நினைவூட்டுக் கடிதம் கேட்கிறார். அமைப்பில் தடுக்காவிடில் அவ்வுரையாடல் அதன் பயிற்சிக்கும் பயன்படக்கூடும். கடிதத்தை மட்டும் வாங்கிப் பெயரைக் கையால் நிரப்புவது இரண்டு நிமிட வேலை.

சீட்டு கல்லாப்பெட்டிக்குள் குடியேறியபின் திரைவிளிம்பில் எஞ்சும் இடத்தில், எல்லோரும் படிக்கும்படி ஒட்டத்தக்க எண் ஒன்று உண்டு: இணையவழியில் பணம் பறிபோனவுடன் அழைக்கவேண்டிய இந்திய அரசின் உதவி எண், 1930.