உள்ளே சத்தம் வருது, பாஸ்!

வட்டவளையில் மழை பெய்யாத ஞாயிற்றுக்கிழமை வந்தால் கலண்டரில் வட்டம் போட்டு வைக்கலாம். வருஷத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் வானம் கொட்டுகிற ஊர் இது. அப்படி அபூர்வமாய் வெயில் எட்டிப் பார்த்த ஒரு ஞாயிறு, என் பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பார்க்கச் சொல்லி வீதியோரக் கராஜ் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். கினிகத்தேனைப் பக்கமிருந்து ஒரு கார் ஏறி வந்தது. கண்ணுக்குத் தெரிய நாலு வளைவு இருக்கும்போதே காதுக்குத் தெரிந்துவிட்டது. தேயிலைக்குள் இருந்த காக்கைகள் ஒரே நேரத்தில் கிளம்பி எதிர் மலைக்குப் போயின. கார் வந்து நின்றது. 660 சீசீ. பின்னால் மட்டும் ரங்கூன் கப்பலின் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய்.

இறங்கிய பொடியன் கவலையோடு சொன்னான்.

"பாஸ், சத்தம் வருது."

கராஜ் பாஸ் கையிலிருந்த ஒயிலைத் துணியில் துடைத்தபடி குழாயைப் பார்த்தார், பொடியனைப் பார்த்தார். "அதுக்குத்தானே தம்பி சல்லி குடுத்துப் போட்டீங்க?"

"ஐயோ பாஸ், அது வெளிச் சத்தம். இது உள்ள வருது. கடகடங்குது. ரெண்டாயிரம் ஆர்.பீ.எம். தாண்டினா மண்டைக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்கு. பாட்டுக்கூட கேக்க ஏலாது."

உலகத்தில் இரண்டு வகைச் சத்தம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. ஒன்று, நாம் பிறருக்குக் கொடுப்பது. அதற்குப் பெயர் ஸ்டைல். மற்றது, நமக்கே திரும்பி வருவது. அதற்குப் பெயர் கோளாறு. கோளாறு என்றால் உடனே கராஜுக்கு ஓட வேண்டும்.

பென்ஸ் தன் காருக்குக் காப்புரிமை வாங்கியது 1886இல். அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் அதன் வாயை அடைக்கும் மஃப்ளருக்கு, அதாவது சைலன்சருக்கு, காப்புரிமை வாங்கியது 1897இல். இடையில் பதினொரு வருஷம். மனிதகுலம் பதினொரு வருஷம் மூளையைக் கசக்கி, அறைக்குள் அறை வைத்து, ஒலி அலையை ஒலி அலையோடு மோதவிட்டு அடக்கிய ஒன்றை, இந்தப் பொடியன் ஒரு பின்னேரத்தில் அறுத்து எறிந்துவிட்டு வந்திருக்கிறான். முன்னேற்றம் என்றால் இந்த வேகத்தில் இருக்க வேண்டும்.

எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். "ஒண்ணே கால் லட்சம் அங்கிள், டிப் மட்டும் ஜப்பான்" என்றான். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் போட்ட தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபாய். மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். 93 நாள் சம்பளம். அட்டை கடிக்க, கூடைக் கயிறு நெற்றியை அறுக்க, மூன்று மாதத்துக்கு மேல் கொழுந்து எடுத்தால் ஒரு ஓட்டைக் குழாய். அதனால் வலு எவ்வளவு கூடியது என்றும் கேட்டுவைத்தேன். பொடியன் சிரித்தான், பதில் சொல்லவில்லை. பாஸ்தான் சொன்னார்: சின்ன இஞ்ஜினுக்கு இப்படித் திறந்து விட்டால் அடிமட்ட இழுவைதான் குறையும், ஏற்றத்தில் முன்னையதைவிட மிதிக்க வேண்டும். ஆகக் குதிரை வலு கூடவில்லை. குதிரையின் பின்பக்கத்துச் சத்தம்தான் கூடியிருக்கிறது.

ஆனால் பாஸின் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். அது பார்க்கப் பார்க்கத் திகட்டாத வேலை. காரை ஜாக்கியில் தூக்கி, மல்லாந்து உள்ளே போனார். சைலன்சர் என்பது காரோடு இறுக்கிப் பூட்டிய பொருள் இல்லை, ரப்பர் வளையங்களில் தொங்குகிற தூளி. இஞ்ஜின் ஆடும்போது அதுவும் ஆட வேண்டும். இவனுக்குப் போட்டுக் கொடுத்தவன் பின்பக்கக் கிளாம்பை முதலில் முறுக்கிவிட்டு, முன்பக்கத்தை இழுத்துப் பிடித்துப் பூட்டியிருக்கிறான். குழாய் கோணிக்கொண்டு பம்பரில் இடிக்கிறது. பாஸ் எல்லா நட்டையும் தளர்த்தினார். பிய்ந்த ரப்பரை எடுத்துவிட்டு, புதியதைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து ஏற்றினார். இஞ்ஜின் பக்கமிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பின்னோக்கி இறுக்கிக்கொண்டு வந்தார். மூட்டில் நசுங்கிக் கிடந்த கேஸ்கெட்டை மாற்றினார். பிறகு குழாயின் வாயைத் துணியால் அடைத்து இஞ்ஜினை ஓடவிட்டு, எந்த மூட்டிலாவது காற்று சீறுகிறதா என்று காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார். அந்தச் சீறலை அவர் கேட்ட கவனத்தோடு இந்த நாட்டில் யாராவது எங்களைக் கேட்டிருந்தால்!

கடைசியில் டிப்புக்கும் பம்பருக்கும் நடுவே விரலை விட்டு அளந்தார். "சுத்திவர ஒரு இஞ்சி வேணும் தம்பி. சூடேறினா குழாய் நீளும். இடம் இல்லாட்டி பிளாஸ்டிக் உருகிரும்." உண்மைதான். மூன்று மீற்றர் இரும்புக் குழாய் முந்நூறு பாகை சூடேறினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளும். இரும்புக்கும் மூச்சுவிட இடம் வேண்டும். பம்பரின் மானத்தைக் காக்க ஒரு இஞ்சி வேண்டும்.

கராஜுக்கு நேர் மேலே ஒரு தோட்டத் தொழிலாளர் லயம் இருக்கிறது. வீதிக்கும் அதன் சுவருக்கும் நடுவே ஒரு கான் மட்டும். 10க்கு 12 அடிக் காம்பரா, மேலே தகரம். அங்கே மனிதர்கள் சூடேறினால் எந்தப் பக்கம் நீளுவது என்று இருநூறு வருஷமாக யாரும் விரல் விட்டு அளக்கவில்லை.

அந்த லயத்தில் ஒரு அம்மாயி இருக்கிறார். மழைக்காலத்தில் வாசல் ஆணியில் பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கும். அடையாள அட்டை, பேரப்பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எஃப். கடதாசி, ஒரு சங்கிலி. மலை உறுமினால் பையை எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு. பயந்த கிழவி என்று சிரிக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போயின. இந்த வட்டவளையிலேயே தொண்ணூறுகளில் மலை நகர்ந்து ரயில் பாதையைப் பிடித்து இழுத்தது. உள்ளே துளை போட்டு, வடிகால் வைத்துத்தான் அதை அடக்க வேண்டியிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் செத்தார்கள். மலைநாட்டுத் தண்டவாளம் அடியில் மண் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது.

மண் வருமுன் மலைக்குள்ளிருந்து அடிக்குரலில் ஓர் உறுமல் வரும் என்பார்கள் தப்பி வந்தவர்கள். பொடியன் பூட்டியிருக்கும் குழாயின் சத்தமும் அந்தச் சுருதிதான். அடிக்குரல் ஒலிக்குத் தகரமும் சுவரும் ஒரு பொருட்டில்லை, புகுந்து வந்துவிடும். இரவு ஒரு மணிக்கு நுவரெலியா போகிற ஜாலிக்கூட்டம் வளைவில் கியரைக் குறைத்து மிதித்தால், லயத்தில் முதலில் எரிவது அம்மாயி வீட்டு லைட். பிறகு பக்கத்து வீடு. பிறகு வரிசை முழுக்க. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, மேலே மலையைப் பார்த்து நிற்பார்கள். கீழே சிவப்பு லைட் வளைவில் மறையும். காருக்குள் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு உள்ளே சத்தம் வராமல் பாஸ் பார்த்துக்கொண்டாரே!

சத்தத்துக்கு இந்த நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. 2007இல் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிகளுக்கு இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாய்ப்பூட்டுப் போட்டது. நல்ல தீர்ப்பு. நாங்கள் மதிக்கிறோம். எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட வேண்டுமென்றால் தோட்டத் தலைவர் கடிதம் எழுதி, பொலிஸில் அனுமதி வாங்கி வருவார். பத்து மணி ஆனதும் பாட்டுக்காரன் பாட்டின் நடுவே வயரைப் பிடுங்குவான். கரகம் நடுத்தெருவில் நிற்கும். வருஷம் முழுவதும் கொழுந்து எடுத்தவளின் சாமிக்கு மூன்று நாள் சத்தம் போட அனுமதிக் கடிதம் வேண்டும். வருஷம் முழுவதும் சத்தம் போடுகிறவனுக்கு ஒரு ஸ்பானர் போதும்.

புகைப் பரிசோதனை என்று ஒன்று 2008 முதல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. ஆனால் அது மூக்கால் பார்க்கிற பரிசோதனை. அதற்குக் காது கிடையாது. திறந்த குழாயைக் கண்டு அந்த மூக்குச் சுளித்துவிடக் கூடாதே என்று அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கராஜின் மூலையில் சாக்கில் சுற்றி ஐந்தாறு பழைய சைலன்சர்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் கார் நம்பர் சோக்கால் எழுதியிருந்தது. பரிசோதனைக்கு முதல்நாள் அவை குளித்து முழுகி காரில் ஏறும். சான்றிதழ் வாங்கிய பின்னேரமே சாக்குக்குத் திரும்பும். வருஷத்துக்கு ஒருநாள் மட்டும் ஊர்வலம் போகிற உற்சவமூர்த்திகள்.

2025 ஜனவரியில் அரசாங்கத்தின் 'கிளீன் ஸ்ரீ லங்கா' திட்டம் பிறந்தது. பஸ், ஓட்டோக்களில் அனுமதியில்லாமல் மாட்டிய சாமான்களைக் கழற்றப் பொலிஸ் இறங்கியது. சங்கங்கள் கொதித்தன. அவகாசம் கொடுக்கப்பட்டது. அவகாசம் என்பது இந்த நாட்டில் சைலன்சரைவிட நன்றாக வேலை செய்யும் பொருள். எந்தச் சட்டத்தின் வாயில் செருகினாலும் சத்தம் நின்றுவிடும். அடுத்த மாதம், ஐந்து வருஷத் தடைக்குப் பிறகு, புதுக் கார்கள் இறக்குமதியாக வழி திறந்தது. ஐரோப்பாவில் சாதாரணப் புதுக் காருக்கு 68 டெசிபெல்தான் உச்சம் என்று இறக்கிக்கொண்டு வருகிறார்கள். பாரிஸில் 2022இலேயே தெருவில் சத்தம் பிடிக்கும் கருவியைக் கம்பத்தில் ஏற்றிப் பரீட்சித்தார்கள். எங்கள் கம்பத்தில் இருப்பது போன தேர்தலின் போஸ்டர்.

ஏப்ரல் வந்தால் கேட்கவே வேண்டாம். நுவரெலியாவில் சீசன். அங்கே மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் 1934இலிருந்து நடக்கிறது. வெள்ளைக்காரன் ஆரம்பித்து வைத்த விளையாட்டு, அதற்கென்று வீதியை மூடி, கயிறு கட்டி, நேரம் குறித்து ஓட்டுவார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. பந்தயத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அவிசாவளையிலேயே பந்தயத்தை ஆரம்பித்துவிடுகிறார்களே, அதில்தான் சண்டை. 2022இல் இதே ஆட்கள் பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் தூங்கினார்கள். கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி காருக்கு வாரத்துக்கு இருபது லீற்றர் என்று கையேந்தினார்கள். அதே பெற்றோல்தான் இன்று சத்தமாக எரிகிறது. மறதிக்கு மைலேஜ் அதிகம்.

கொழும்பான்மீது மட்டும் கோபத்தை இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் பாஸ் பொடியனிடம் "தம்பிக்கு ஊர் எங்க?" என்று கேட்டபோது அவன் கையை நீட்டி மேலே காட்டினான். அதே லயம். அந்த அம்மாயியின் பேரன். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. லீசிங்கில் கார். தீபாவளிக்கு வரும்போது பஸ்ஸில் வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். "இப்ப நான் கினிகத்தேனை தாண்டும்போதே அம்மாவுக்குத் தெரிஞ்சிரும் அங்கிள், மகன் வர்றான்னு" என்றான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பாட்டனுக்குத் துரை முன்னால் வாய் திறக்க முடியாது. அப்பனுக்குப் பெரட்டில் கங்காணிக்கு எதிரே வாய் திறக்க முடியாது. மூன்றாம் தலைமுறைக்கு வாய் கிடைத்தது. கிடைத்த வாயைக் காரின் பின்பக்கத்தில் பூட்டிக்கொண்டு, தன் அம்மாயியையே நடுச்சாமத்தில் பையோடு வாசலுக்கு ஓடவைக்கிறது. துரைமாருக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன இருக்கும்? ஒண்ணே கால் லட்சத்துக்குச் சத்தம் போடுகிற பிள்ளைகள் சம்பளத்துக்காகச் சத்தம் போட மாட்டார்கள்.

பாஸ் பில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். "ரப்பர் 3, கேஸ்கெட் 1, சத்தம் நிப்பாட்டியது" என்று இருந்தது. பொடியன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வந்து கட்டைவிரலைத் தூக்கினான். "சூப்பர் பாஸ், உள்ள ஒண்ணுமே கேக்கல!" எதிர் மலைக்குப் போன காக்கைகள் அதற்கு அடுத்த மலைக்குப் போயின.

அதற்கு அடுத்த கிழமை, இரவு ஒன்றரைக்கு லயம் முழுக்க எழுந்து நின்ற ஒரு நாளுக்கு மறுநாள், நான் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், திரும்பவும் போக வேண்டி வரலாம். முறைப்பாட்டைச் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம், 'எபா' என்றால் வேண்டாம் என்று தெரிகிற அளவுக்கு. நல்லவேளை, சத்தத்துக்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல். கொன்ஸ்டபிள் பேனையைத் திறந்தார். வாகன நம்பர்? இருட்டில் தெரியவில்லை. நிறம்? தெரியவில்லை. சத்தம் மட்டும்தான் தெரியும் என்றேன். எப்படிப்பட்ட சத்தம் என்றார். சொல்லத் தெரியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, என்னால் முடிந்த அளவுக்கு உறுமிக் காட்டினேன்.

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. தொப்பி இல்லாத சார்ஜன்ட் ஒருவர் என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"சத்த கரன்ன எபா!"